அம்புக்கு ஏன் இறகு?

போன ஆண்டு ஆகஸ்டில் ஏழாம் வகுப்புக்கு ‘விசையும் இயக்கமும்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று காட்ட ஒரு அடிஸ்கேலை விரல்மேல் நிறுத்தினேன். பிறகு அதன் ஒரு முனையில் டஸ்டரைக் கட்டி மறுபடியும் நிறுத்திக் காட்டினேன். வழக்கமான செயல்பாடுதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. “சார், அம்புக்குப் பின்னாடி எதுக்கு சார் இறகு வச்சிருக்காங்க? பறவ மாதிரி பறக்கறதுக்கா?”

“நேராகப் போவதற்கு” என்றேன். அவன் விடவில்லை. “இறகு பின்னாடிதானே இருக்கு, அது எப்படி சார் முன்னாடி போறத நேராக்கும்?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று மணி அடிக்கும்வரை ஒப்பேற்றினேன். இருபது ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். பதில் தெரியாது என்றில்லை. ஒரு குச்சியும் இறகும் கையில் இல்லாமல் அதை எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. எங்கள் பள்ளி விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கு அருகில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளி. முன்னாள் மாணவர் ஒருவர் ராஞ்சிப் பக்கம் வேலை பார்க்கிறார். அவர் அங்கிருந்து மூன்று மூங்கில் வில்லும் ஒரு டஜன் அம்பும் வாங்கி அனுப்பியிருந்தார். உடற்கல்வி ஆசிரியர் அவற்றை வைத்து ஒரு பருவம் பயிற்சி கொடுத்தார். விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது அம்புகளின் இறகைப் பூச்சியும் எலியும் தின்று தீர்த்திருந்தன. குச்சிகள் மட்டும் மிச்சம். அந்தக் குச்சிகளை மாணவர்கள் எய்து பார்த்திருக்கிறார்கள். ஒன்றாவது நேராகப் போகவில்லை. பல்டி அடித்துப் பக்கவாட்டில் போய் விழுந்தனவாம். அதனால் பிறந்த கேள்விதான் அது.

“சார், நீங்க அறிவியல் ஆசிரியர், இறகு ஒட்டிக் கொடுங்க” என்றார் உடற்கல்வி ஆசிரியர். எனக்கு அம்பு என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இறகு செய்யும் வேலை

முதலில் அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். அம்பின் முனையில் இரும்போ பித்தளையோ இருப்பதால் ஈர்ப்பு மையம் நடுவிலிருந்து முன்பக்கம் தள்ளியிருக்கும். இறகு வாலில் இருக்கிறது. பறக்கும்போது அம்பு சற்றே சாய்ந்தால் காற்று பக்கவாட்டிலிருந்து மோதும். மெல்லிய குச்சியைவிட அகலமான இறகின்மேல் அந்த மோதல் அதிகம். ஆகவே காற்று வாலைப் பிடித்துத் தள்ளுகிறது, அம்பு தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித் திரும்பிப் பழைய நிலைக்கு வருகிறது. சாய்வு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகம் தள்ளு. நேரான பிறகு தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் தக்கைப் பக்கம் முன்னால் திரும்பிக்கொள்வதும், தீபாவளி ராக்கெட்டுக்கு நீளக் குச்சி இருப்பதும் இதே கணக்குதான்.

வகுப்பில் இதைக் காட்ட நான் செய்தது எளிது. இரண்டு தென்னை ஈர்க்குகளின் நுனியில் ஒரே அளவு களிமண் உருண்டை வைத்தேன். ஒன்றின் வாலில் மட்டும் பனை ஓலைத் துண்டு இரண்டைக் குறுக்காகச் செருகினேன். மாடிப்படி உச்சியிலிருந்து இரண்டையும் படுக்கை வாக்கில் கீழே விடச் சொன்னேன். ஓலை செருகியது விழும்போதே தலைகீழாகத் திரும்பி உருண்டை முன்னால் வர இறங்கியது. மற்றது எப்படியோ விழுந்தது. நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று செய்து பார்த்தார்கள். வில் தேவையில்லை, ஆபத்தும் இல்லை.

பனை ஓலை என்றது வெறும் பள்ளிக்கூட உத்தி அல்ல. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் இட்டூரிக் காட்டில் வாழும் ம்புட்டி மக்கள் அம்பின் வாலில் இறகுக்குப் பதில் இலைத் துண்டைத்தான் செருகுகிறார்கள். வேண்டியது அகலமான, லேசான, வளைந்துகொடுக்கும் ஒரு பரப்பு. பறவை அதைத் தயாராக வைத்திருக்கிறது என்பதால் உலகம் முழுக்க மனிதர் இறகை நாடினார்கள். இங்கிலாந்தில் போருக்காக 1417இல் ஐந்தாம் ஹென்றி மன்னர் ஒவ்வொரு வாத்தின் சிறகிலிருந்தும் ஆறு இறகு திரட்டித் தரும்படி மாவட்ட அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘பிளெச்சர்’ என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் அம்பு செய்பவர் என்ற தொழிற்பெயர். அம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

நம் மொழியில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறதா என்று தமிழாசிரியை அம்மாவிடம் கேட்டேன். கணை, பகழி, வாளி, சரம் என்று அம்புக்கே பல பெயர் சொன்னார். நாணில் பொருந்தும் வெட்டுக்குக் ‘குதை’ என்று பெயர், அம்புக்கூட்டுக்கு அம்பறாத்தூணி, ஆவநாழி. கூடவே என் வகுப்பில் பரவியிருந்த ஒரு தவறையும் திருத்திவிட்டார். ஆங்கிலத்தில் எழுதுவதைப் பார்த்து ‘வில்லுபுரம்’, அதாவது வில் செய்த ஊர் என்று பிள்ளைகள் நம்பியிருந்தார்கள். தமிழில் அது விழுப்புரம், ழகரம். ‘விழு’ என்றால் சிறந்த என்று பொருள். வில்லுக்கும் நம் மாவட்டத் தலைநகருக்கும் பெயரளவில் தொடர்பில்லை. ஆனால் பக்கத்தில் செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் வில்லேந்திய வீரர்களையும், உடம்பில் அம்பு தைத்து நிற்பவர்களையும் இன்றும் பார்க்கலாம். சுற்றுலா அழைத்துப்போகும்போது அந்த அம்புகளின் வாலைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

என் தவறு ஒன்று

இறகு ஒட்ட முடிவு செய்தபோது, கேள்வி கேட்ட மாணவனைத்தான் உதவிக்கு அழைத்தேன். அவன் இருளர் குடியிருப்பிலிருந்து வருபவன். பெயர் வேண்டாம். “உங்க தாத்தா காலத்துல வில்லு அம்பு இருந்திருக்குமே, வீட்டில் கேட்டு வா” என்றேன். பழங்குடி என்றால் வில், அம்பு என்று என் மனத்தில் ஒரு படம். பாடநூல் படங்களும் சினிமாவும் போட்டுவைத்த படம்.

அவன் மறுநாள் வந்து, “எங்க ஊட்ல யாருக்கும் வில்லு தெரியாது சார். எலி புடிப்போம், ஏரியில மீன் புடிப்போம். இப்ப கரிமூட்டம் போடறாங்க” என்றான். சொல்லிவிட்டு ஏதோ வீட்டுப்பாடம் செய்யாதவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான். தெரியாததைச் செய்தது நான். குனிந்தது அவன் தலை. இது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வாரம் குச்சிகளை நிமிர்த்தத் தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, “காட்டுங்க சார்” என்று வாங்கினான். அவன் அப்பா மீன் பிடிக்கும் பறி கட்டுபவர். மூங்கிலை அனலில் காட்டி வளைப்பதை அவன் பார்த்து வளர்ந்திருக்கிறான். வளைக்கத் தெரிந்தவனுக்கு நிமிர்த்தத் தெரியாதா?

குச்சி

பழைய பன்னிரண்டில் ஐந்து விரிசல் விட்டிருந்தன. புதிதாகச் செய்தோம். திண்டிவனத்தில் பந்தல்காரர் ஒருவரிடம் முற்றிய மூங்கில் துண்டு கேட்டு வாங்கினேன். பச்சை மூங்கில் ஆகாது, காய்ந்தால் கோணும். கெட்டிச் சுவருள்ள அடிமூங்கிலை 80 சென்டிமீட்டர் நீளச் சிம்புகளாகப் பிளந்து, நிழலில் இரண்டு மாதம் போட்டுவைத்தோம். பிறகு கத்தியால் சீவி, 8 மில்லிமீட்டர் துளையிட்ட இரும்புத் தகட்டில் இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து உருட்டினோம். கணு ஒன்று வால் முனைக்குச் சற்று உள்ளே அமையும்படி எடுப்பது முக்கியம். குதை வெட்டும் இடத்தில் மூங்கில் பிளக்காமல் அந்தக் கணு தடுக்கும்.

நிமிர்த்துவது பொறுமை வேலை. கரி அனலுக்கு மேல் குச்சியைச் சுழற்றிக்கொண்டே காட்ட வேண்டும். கருகக் கூடாது. கைக்குச் சூடு தாங்காத பதம் வந்ததும் துணி சுற்றி, கோணலுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று அதிகம் வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். நான் ஆறுவதற்கு முன்பே விட்டுவிடுவேன், குச்சி பழையபடி கோணும். “அவசரப்படாதீங்க சார்” என்று அவன் சொன்னது மூன்று முறையாவது இருக்கும். நேராகிவிட்டதா என்று பார்க்க, கண்ணாடி மேசைமேல் உருட்டினால் போதும். கோணல் இருந்தால் தத்தித் தத்தி ஓடும். கணை வடிவில் நேரானது, செயலில் கொடியது என்று வள்ளுவர் ‘கூடா ஒழுக்கம்’ அதிகாரத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த நேர்மையை வாங்க எவ்வளவு பாடு என்று குச்சியைக் கையில் பிடித்தவருக்குத்தான் தெரியும்.

நேராக இருந்தால் மட்டும் போதாது, எல்லாக் குச்சியும் ஒரே அளவு விறைப்பாக இருக்க வேண்டும். காரணம் சுவையானது. அம்பு வில்லின் நடுவழியே போவதில்லை, வில்தண்டின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. நாண் பின்னாலிருந்து அழுத்தும்போது குச்சி வில்லாய் வளைந்து, தண்டைச் சுற்றி மீன்போல நெளிந்து வெளியேறிப் பிறகுதான் இலக்கை நோக்கி நேராகிறது. 1940களுக்கு முன்பே அமெரிக்காவில் அதிவேகப் படப்பிடிப்பில் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். குச்சி வில்லுக்கு மிஞ்சிய விறைப்பாக இருந்தால், வலக்கையால் நாண் இழுப்பவருக்கு அம்பு இடப்பக்கம் விலகும். தொய்வாக இருந்தால் வலப்பக்கம்.

அளப்பதற்கு ஆய்வகத்தில் ஒன்றும் தேவையில்லை. இரண்டு மேசைகளை 71 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, குச்சியைக் குறுக்கே வைத்து, நடுவில் 880 கிராம் எடை தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மளிகைக்கடைத் தராசில் சரிபார்த்துக்கொண்டோம். நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று சுவரில் வைத்த ஸ்கேலில் படித்தோம். எங்கள் வில்லுக்கு 25 முதல் 28 மில்லிமீட்டர் வரை இறங்கியவை ஒத்துவந்தன. 20க்குக் கீழ் இறங்கியவற்றை மறுபடி தேய்த்தோம், 35ஐத் தாண்டியவை தோட்டத்துப் பாகல் கொடிக்குப் போயின. எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர் இந்த அளவுகளை எடுத்துப்போய்ச் சராசரி, வீச்சு நடத்திவிட்டார்.

இறகு

பிள்ளைகள் முதலில் கொண்டுவந்தது மயிலிறகு. எங்கள் பகுதியில் மயில் நிறைய. தோகை இதற்கு உதவாது, அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிப்பிடிப்பதில்லை. பருந்து, கொக்கு இறகு கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். இங்கே சட்டத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்குத் தடை. காட்டுயிர்களின் கொம்பு, பல், நகம்போல இறகும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும் பொருள்களில் அடக்கம். மயில் தோகைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஆகவே ஆசிரியர்கள் வளர்ப்புப் பறவையின் இறகை மட்டுமே கேட்பது நல்லது. பிராய்லர் கோழி இறகு சொத்தை. நாட்டுச் சேவல் இறகு சின்ன அம்புக்கு ஆகும். வான்கோழிச் சிறகு அருமை. பண்ணை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர் ஒரு பை நிறையக் கொடுத்தார். பெரியவர்கள்தான் அவற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பிறகு பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பேச்சு அடிபடும் காலத்தில் இந்த வேலையே வேண்டாம், பனை ஓலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேண்டியது சிறகின் ஓரத்தில் இருக்கும் நீண்ட பறக்கும் இறகு. அதன் நடுத்தண்டுக்கு ஒருபக்கம் குறுகல், மறுபக்கம் அகலம். பறவை முன்னோக்கிக் காற்றைக் கிழிக்கும் பக்கம் குறுகல். இறகின் பளபளப்பான மேல்பரப்பு மேலே, நுனி நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடித்தால், அகலப் பகுதி வலப்பக்கம் வந்தால் அது வலச்சிறகு இறகு. இடப்பக்கம் வந்தால் இடச்சிறகு. ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்தே வர வேண்டும். எல்லா இறகுக்கும் இயல்பாகவே ஒரு சுருட்டு இருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் சுருண்டால் அம்பு மெல்லச் சுழன்றுகொண்டு போகும். குச்சியில் மிச்சமிருக்கும் சிறு கோணல்கள் அந்தச் சுழற்சியில் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். இரண்டு வலம், ஒன்று இடம் என்று கலந்தால் ஒன்றை ஒன்று எதிர்க்கும். முதல் மூன்று அம்பை நாங்கள் இப்படித்தான் கலந்து கட்டிக் கெடுத்தோம். மாணவிகள் இருவர் இறகுகளை இரண்டு நோட்டுப்பெட்டிகளில் ‘வ’, ‘இ’ என்று எழுதிப் பிரித்துவைத்த பிறகுதான் தொல்லை ஒழிந்தது. உயிரியல் பாடத்தில் பறவையின் சிறகைப் படமாக மட்டும் வரைந்தவர்கள், ஓர் இறகை எடுத்ததும் எந்தப் பக்கத்தது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

தண்டின் அடிப்பக்கம் ஒரு நீளப் பள்ளம் இருக்கும். அதன் வழியே பிளேடால் பிளந்து, அகலப் பகுதியை மட்டும் எடுத்து, தண்டின் சோற்றுப்பகுதியை உப்புத்தாளில் தட்டையாகும்வரை தேய்க்க வேண்டும். பிளேடு வேலை முழுவதும் என்னுடையதே. 10 சென்டிமீட்டர் இறகு, இரு முனையிலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் வெறும் தண்டு விட்டு வெட்ட வேண்டும். குதையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாண் இழுக்கும் விரலில் இறகு இடிக்கும். பறவையில் எது முன்பக்கமோ, அதாவது அடித்தண்டு, அதுவே அம்பிலும் முனையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிவைத்தால் காற்று இழைகளைப் பிய்த்துவிடும். வட்டத்தை மூன்றாகப் பிரித்தால் 120 டிகிரி, கோணமானியை அட்டையில் ஒட்டி நடுவில் துளையிட்டு அளந்தோம். முதல் இறகு நாணுக்குச் செங்குத்தாக, வில்லுக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் வில்தண்டில் அதிகம் உரசாமல் கழியும். உரசினாலும் இறகு படுத்து எழுந்துகொள்ளும். ஒலிம்பிக் வீரர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிக் துடுப்பு அப்படிப் படுக்காது. அவர்கள் வில்லில் அம்பு உரசாமல் போகத் தனிப் பிடிமானம் இருக்கிறது, மூங்கில் வில்லில் அது கிடையாது. ஆகவே நமக்கு இறகுதான்.

ஃபெவிகால் தடவி ஒட்டி, முனைத்தண்டின்மேல் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, அதே நூலை இறகின் இழைகளுக்கு நடுவே நடுவே விலக்கிவிட்டு வாலை நோக்கிப் புரியாகச் சுற்றிக்கொண்டு போய் மறுமுனையிலும் கட்ட வேண்டும். முடிந்ததும் இழைகளை விரலால் நீவிச் சேர்த்துவிடலாம். ஒரு நாள் காயவிட்டு, உயரத்தைக் கத்தரிக்கோலால் ஒன்றேகால் சென்டிமீட்டராகக் குறைத்தோம். குதைக்குக் கீழேயும் நூல் சுற்று வேண்டும். நூலின்மேல் வார்னிஷ் பூசினால் ஈரம் ஏறாது. எலிக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, தகரப் பெட்டியில் வேப்பிலையோடு வைத்திருக்கிறோம்.

முடிந்த அம்பு 70 சென்டிமீட்டர். கத்தி முதுகில் நிறுத்தினால் வாலிலிருந்து 43 சென்டிமீட்டரில் சமன்பட்டது. நடு 35. முன்னால் தள்ளியது 8. 70க்கு 8 என்றால் ஏறத்தாழ 11 விழுக்காடு. 10 முதல் 15 வரை இருந்தால் நல்லது என்பார்கள். ஆகஸ்டில் ஸ்கேலும் டஸ்டரும் வைத்துச் சொன்ன பாடத்தின் கணக்கு இதுதான் என்று சொன்னபோது ஒரு பெண், “அப்ப இதயே காட்டியிருக்கலாமே சார்” என்றாள்.

வேட்டை அம்பு

வேட்டைக்கான அம்பில் இறகு பெரிதாக இருக்குமா என்று கேட்டார்கள். ஆம். வேட்டை அம்பின் முனை அகலமான இரும்புத் தகடு. அந்தத் தகடே முன்பக்கத்து இறகுபோலக் காற்றைப் பிடித்து அம்பைத் திசைதிருப்பப் பார்க்கும். அதை அடக்க வாலில் அதைவிடப் பெரிய இறகு வேண்டும். இலங்கையின் வேடர்கள் அகன்ற இரும்பு முனைக்குப் பேர்போனவர்கள். அந்த முனையை அவர்கள் எப்படி வாங்கினார்கள் என்பதை, கண்டி அரசில் ஏறத்தாழ 20 ஆண்டு சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவத்தில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் செய்துவைத்தால் மறுபடி இறைச்சி வரும். செய்யாவிட்டால் வேறொரு நாள் இருட்டில் அவனுக்கே அம்பு வரும். சமூக அறிவியல் வகுப்பில் பண்டமாற்றுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

எங்கள் அம்புக்கு அந்த முனை கிடையாது. பயிற்சிக்கு மொட்டையான பித்தளைக் குப்பி. வகுப்பறைக்கு ரப்பர்த் தக்கை. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணனின் கண்

தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியது 1987, 88. ஞாயிறு காலை தெருவே ஒரு வீட்டில் கூடும். படம் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வில்லாளிகள். துடைப்பத்து ஈர்க்கு அம்பு, சைக்கிள் டியூப் நாண். எனக்கு ஒன்பது வயது. என் ஈர்க்கு, என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணனின் இடக்கண்ணில் போய்க் குத்தி நின்றது. ஓடிவந்த பெரியவர் ஒருவர் பதற்றத்தில் அதைப் பிடுங்கி, கண்ணைத் தண்ணீரில் கழுவிவிட்டார். அன்பினால் செய்ததுதான். புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தக் கண்ணில் இன்றுவரை வெளிச்சம் மட்டும் தெரியும்.

இதைப் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. அம்பு கட்டத் தொடங்குவதற்கு முன் அந்த மாணவர்களிடம் சொன்னேன். எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிய வேண்டியது இது: கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது, கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, தேய்க்க விடக் கூடாது. காகிதக் குவளை ஒன்றைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து, குவளை எலும்பில் மட்டும் படும்படி கட்டி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏன் இத்தனை பயம் என்று கேட்டவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். 25 கிராம் அம்பு நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 20 ஜூல். ஒரு கிலோ கல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆனால் கல்லின் அடி உள்ளங்கை அளவில் பரவும், அம்பின் அடி ஒரு மிளகு அளவில் இறங்கும். வகுப்பில் அமைதி.

ஆகவே எங்கள் விதிகள். வில் எய்வது உடற்கல்வி ஆசிரியர் இருக்கும்போது மட்டும். எய்பவர் வரிசைக்கு முன்னால் ஒரு உயிரும் நிற்கக் கூடாது. எல்லோரும் வில்லைக் கீழே வைத்த பிறகே அம்பு பொறுக்கப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அம்பை மெல்ல வளைத்துக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். ‘டிக்’ என்றால் விரிசல், உடனே முறித்துப் போட வேண்டும், ஏனென்றால் விரிசல்விட்ட அம்பு நாண் விடும் கணத்தில் பிளந்து பிடித்த கையில் ஏறும். அம்பு வைக்காமல் வெறும் நாணைச் சுண்டக் கூடாது, அந்த ஆற்றல் போக வழியின்றி வில்லை உடைக்கும்.

நவம்பர் மாதம் பத்து அம்பு தயார். முதலில் இறகில்லாத குச்சி ஒன்றை 15 மீட்டரில் எய்து காட்டினார் உடற்கல்வி ஆசிரியர். அது இலக்கில் பக்கவாட்டாக அறைந்து விழுந்தது. அடுத்தது இறகு கட்டியது. நெளிந்ததும் தெரிந்தது, நேரானதும் தெரிந்தது. வைக்கோல் பொதியில் போய்ச் செருகி நின்றது. கேள்வி கேட்டவன் ஓடிப்போகப் பார்த்தான், விதி நினைவு வந்து நின்றுகொண்டான். அன்று என் அண்ணனும் வந்திருந்தார், திண்டிவனத்தில் சிறிய கடை வைத்திருக்கிறார். ஓர் அம்பை வாங்கி, நல்ல கண்ணுக்கு நேரே பிடித்து, குச்சியின் நீளத்தில் பார்த்து, “இது கொஞ்சம் கோணல்டா” என்றார். கோணல்தான்.

மூங்கில் வில்லுக்குப் போட்டியே உண்டா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்டு. நம் நாட்டில் ‘இந்தியன் ரவுண்டு’ என்று தனிப் பிரிவே இருக்கிறது, அதில் மூங்கில் வில்லும் மூங்கில் அல்லது மர அம்பும்தான். ராஜஸ்தான் பழங்குடிச் சிற்றூரில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1992இல் ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்தார். ஜார்க்கண்டின் தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லில் தொடங்கியவர்தான். இதைச் சொல்லும்போது அந்த மாணவனை நோக்கிச் சொல்லாமல் எல்லோரையும் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும் அவன் வரவில்லை. பெற்றோர் கரிமூட்டம் போட வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார்கள், பிள்ளையை விட்டுப்போக வீட்டில் ஆள் இல்லை. வகுப்பாசிரியரும் நானும் ஒரு சனிக்கிழமை பேருந்து பிடித்துப் போனோம். சீமைக்கருவேலங் காட்டு ஓரத்தில் பிளாஸ்டிக் கூரைக் கொட்டகை. அவன் அப்பா பேசவில்லை, அம்மாதான் பேசினார். “ஆறு பேரு வேல செஞ்சாத்தான் சார் அட்வான்ஸ் கழியும்” என்றார். விடுதியில் இடம் கேட்க வேண்டும், அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், அது இன்னும் வரவில்லை. திரும்பி வந்து மனு எழுதிக் கொடுத்தோம், தலைமையாசிரியர் இரண்டு முறை கோட்டாட்சியர் அலுவலகம் போனார்.

மார்ச் இரண்டாம் வாரம் அவனே வந்துவிட்டான், பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்ளச் சம்மதம். முப்பத்தொரு நாள் விடுப்பு. கையில் ஒரு சாக்குக் கட்டு. பிரித்தால் சீவி நிமிர்த்திய பதினான்கு மூங்கில் குச்சிகள், கரி அனலில் காட்டியது. மேசைமேல் ஒவ்வொன்றாக உருட்டினேன். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எடை பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சான்றிதழ் ஜூனுக்குள் கிடைக்கும் என்கிறார்கள். வான்கோழி இறகு தீர்ந்துவிட்டது; வலச்சிறகு ஆறு மட்டும் மிச்சம்.